மலையேற ஒரு பல் குறைத்த செங்கோடன்

ஆலங்கரட்டில் நாலு சிநேகிதர்கள் இருந்தார்கள். யார் எதைச் சொன்னாலும் தட்டாமல் அப்படியே செய்வார்கள். ஊருக்கு அவர்களால் இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

செங்கோடன், நல்லமுத்து, காத்தவராயன், ஆண்டியப்பன் என்று பெயர். எட்டாம் வகுப்பை நாலு பேரும் ஒன்றாகப் படித்தார்கள். இரண்டாம் முறையும் ஒன்றாகவே படித்தார்கள். மூன்றாம் முறை வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு தடவை தெருக்காரர் ஒருவர், "கல்யாணத்துக்கு ரொம்ப நேரம் இருக்க வேண்டாம்ப்பா, சும்மா தலையைக் காட்டிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். நாலு பேரும் மண்டபத்து ஜன்னல் கம்பிக்குள் தலையை மட்டும் விட்டுக் காட்டினார்கள். தலையை வெளியே எடுப்பதற்குள் பந்தி முடிந்துவிட்டது.

இதில் செங்கோடன் அரிசி மில்லில் வேலை பார்த்தான். முப்பத்தொரு வயதாகியும் பெண் அமையவில்லை. கடைசியில் தரகர் ஒருவர் தேன்பாறையில் ஒரு வரன் கொண்டுவந்தார். தேன்பாறை என்பது ஆலங்கரட்டுக்கு மேலே, மலை உச்சியில் இருக்கிற ஊர். பெண் பெயர் அரசாயி. அப்பா சடையப்பன், மிளகுத் தோட்டக்காரர்.

போட்டோ வந்தது. ரேஷன் கார்டில் இருந்து வெட்டி எடுத்தது. அதில் தெரிந்தது அரசாயியா, அவள் அப்பாவா, பின்னால் தொங்கிய திரையா என்று நாலு பேரும் அரை நாள் பார்த்தும் பிடிபடவில்லை. ஆனால் செங்கோடன் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போன் செய்தான். ஒரு பெண் எடுத்து, "யாரு?" என்றாள். செங்கோடன் பயந்துபோய், "நான்தானுங்க" என்றான். "எந்த நான்?" என்றாள். யோசித்துப் பார்த்து, "இங்க ஒரே ஒரு நான்தானுங்க இருக்கேன்" என்றான். அவள் சிரித்தாள். வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டு செங்கோடன் பதினொரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சடையப்பன் தரகரிடம் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார்.

"இதுவரைக்கும் ஆறு மாப்பிள்ளைங்க கிளம்பி வந்தாங்க. ஆறு பேரும் தார் ரோடு முடியிற இடத்துல மண் பாதையைப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க. ரோட்டுல மட்டும் ஓடுற வண்டி வெச்சிருக்கறவனுக்குக் கொடுத்தா என் பொண்ணு பொறந்த வீட்டுக்கு வரவே மாட்டா. ரோட்டுக்கும் ஆகணும், கரட்டுக்கும் ஆகணும், அப்பிடி ஒரு வண்டியில வெள்ளிக்கிழமை காலையில பத்தரைக்குள்ள வரட்டும். பத்தரைக்கு மேல ராகு காலம். இந்த ஏழாவது ஆளோட சரி. அதுக்கப்புறம் நான் பாக்கிறதா இல்ல."

அப்படிப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்து எஸ்டேட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தது. நாலு பேரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். ஒட்டகக் குட்டி மாதிரி உயரமாய், ஒல்லியாய், மூக்கு நீண்டு இருக்கும். ரோட்டு வண்டியும் இல்லை, காட்டு வண்டியும் இல்லை என்பதால் ஊரார் அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர் வைத்தார்கள். அது வண்டியைத்தான் சொல்கிறது என்று நாலு பேரும் நம்பினார்கள்.

சனிக்கிழமை காலையில் வண்டியை டவுனுக்குக் கொண்டுபோய் மெக்கானிக் காசிம் பாயிடம் காட்டினார்கள். பாய் கடைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பேத்தி பொறந்திருக்கா, வேலூர் போறேன். பதினஞ்சு நாள் கடை கிடையாது" என்றார். செங்கோடன் முகம் விழுந்ததைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "அஞ்சு விஷயம் சொல்றேன். நீங்களே செஞ்சுக்கலாம். ஒண்ணு, ஏர் ஃபில்டரைக் கழட்டிக் கழுவி, எண்ணெய் வெச்சு மாட்டு. ரெண்டு, முன்னாடி ஒரு பல்லு குறைச்சிடு, இழுவை கூடும், மலை சும்மா ஏறும். மூணு, நீ ஏறி உக்காந்தா பின்னாடி எவ்வளவு அமுங்குதுன்னு அளந்து, உன் வெயிட்டுக்கு ஸ்பிரிங்கை செட் பண்ணு. நாலு, தார் ரோடு முடிஞ்சதும் டயர்ல பாதிக் காத்தை எடுத்துடு, திரும்ப ரோட்டுக்கு வந்ததும் ஏத்திக்க. அஞ்சு, மேட்டுல எஞ்சினைச் சூடாக்காதே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாய்" என்று நாலு பேரும் சொன்னார்கள். பாய் நிம்மதியாக பஸ் ஏறினார்.

செங்கோடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டான். விரலை நீட்டினால் விஷயம் விழுந்துவிடும் என்று மூடிய கையோடே வீடு வந்து சேர்ந்தான். வழியில் டீ குடித்தபோது நல்லமுத்துதான் ஊட்டிவிட்டான்.

கட்டை விரலை முதலில் பிரித்தார்கள். ஃபில்டர்.

"எண்ணெய்னா என்ன எண்ணெய்?" என்றான் செங்கோடன்.

நல்லமுத்து எதையும் நிதானமாக யோசித்து, கண்ணை மூடித் திறந்துதான் சொல்வான். அதனால் மற்ற மூவரும் அவனை அறிவாளி என்று நம்பினார்கள். "கழுவணும், எண்ணெய் வெக்கணும்னா அது எண்ணெய்க் குளியல். எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய்தான். ஆனா ஒரு சங்கதி இருக்கு. ஆம்பளைன்னா புதன், சனி. பொம்பளைன்னா செவ்வாய், வெள்ளி. வண்டி எது?"

காத்தவராயன் ஸ்டார்ட் செய்து காட்டினான். "கேளு, ஒரு வேலையும் செய்யாம உறுமுது. ஆம்பளைதான்."

அன்றைக்குச் சனிக்கிழமையாகவும் இருந்தது. ஃபில்டருக்கு நல்லெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, சீயக்காய் போட்டு அலசி, சாம்பிராணி காட்டி, மறுபடி உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்து மாட்டினார்கள். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்பதற்காக ஆண்டியப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் மணிக்கொரு தடவை ஹாரன் அடித்து வண்டியை விழிக்க வைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் தெருவே விழித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் விரலைப் பிரித்தார்கள். முன்னாடி ஒரு பல் குறைக்க வேண்டும்.

எஞ்சினுக்குப் பக்கத்தில், செயின் சுற்றுகிற சின்னச் சக்கரத்துக்குப் பல் உண்டு. பாய் சொன்னது அதைத்தான். ஆனால் அது மூடிக்குள்ளே இருந்தது. நாலு பேரும் வண்டியின் முன்பக்கம் முழுக்கத் தேடினார்கள். லைட்டு இருந்தது, மட்கார்டு இருந்தது, பல் இல்லை.

"வண்டியில முன்னாடி உக்காரப்போறது யாரு?" என்று கேட்டான் நல்லமுத்து.

"நான்தான்" என்றான் செங்கோடன்.

"அப்ப உன் பல்லைத்தான் சொல்லியிருக்காரு."

செங்கோடன் வாயைப் பொத்திக்கொண்டான். "பல்லுக்கும் மலைக்கும் என்னடா சம்பந்தம்?"

"வெயிட்டு குறையுமில்ல?" என்றான் காத்தவராயன்.

"கடவாய்ப் பல்லு ஒண்ணு எடுத்துக்கலாமே. வெளிய தெரியாதே" என்று செங்கோடன் கெஞ்சினான்.

நல்லமுத்து கண்ணை மூடித் திறந்தான். "பாய் முன்னாடின்னு தெளிவாச் சொன்னாரு. கடவாய் பின்னாடி இருக்கு. பின்னாடி குறைச்சா வண்டி பின்னாடி போயிடும்."

செங்கோடனுக்கு முன் பல் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் கபடி விளையாடி விழுந்தபோது ஆட ஆரம்பித்தது, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு இருந்தது. வண்டிக் கண்ணாடியில் அவன் ஒரு தடவை சிரித்துப் பார்த்துக்கொண்டான். பெண் பார்க்கப் போகிற வாரத்தில் இப்படி ஒரு சோதனையா என்று நொந்துகொண்டான். பிறகு போனில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. "சரிடா, எடுத்துடலாம்" என்றான்.

திங்கட்கிழமை டவுன் பல் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எந்தப் பல்லு வலிக்குது?"

"எதுவும் வலிக்கலீங்க."

"பின்ன எதுக்கு எடுக்கணும்?"

"மலை ஏறணுங்க."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். "இந்தப் பல்லு ஆடுது, ஆனா இன்னும் பத்து வருஷம் இருக்கும். போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

"பத்து வருஷம் கழிச்சு எடுத்துக்கலாம்ங்கிறாங்க. நமக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமே" என்று நாலு பேரும் வாசலில் நின்று வருத்தப்பட்டார்கள்.

காத்தவராயன்தான் வழி சொன்னான். "பல்லு வண்டிக்காகத்தானே? வண்டியே எடுத்துக்கட்டும்."

பூக்கட்டும் நூலை எட்டு மடிப்பாக முறுக்கி, ஒரு நுனியைப் பல்லிலும் மறு நுனியை வண்டியின் கேரியரிலும் கட்டினார்கள். செங்கோடன் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காத்தவராயன் வண்டியை முறுக்கி கிளட்ச்சைச் சட்டென்று விட்டான். வண்டி முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, எதிர் வீட்டு வைக்கோல் போரில் போய் நின்றது. பல் பின்னாலேயே போயிற்று.

"பாத்தியாடா!" என்று காத்தவராயன் வைக்கோலுக்குள்ளிருந்து கத்தினான். "ஒரு பல்லு குறைச்சதும் என்னா இழுவை!"

வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்த செங்கோடனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாய் லேசுப்பட்டவர் இல்லை.

செவ்வாயன்று அவன் கன்னம் பூரி மாதிரி உப்பிவிட்டது. காய்ச்சலும் வந்தது. எழுந்து உட்கார முடியவில்லை. இன்னும் மூன்று விரல் பாக்கி இருந்தது. மூன்றாவது, செங்கோடன் ஏறி உட்கார்ந்து ஸ்பிரிங்கை அளக்க வேண்டிய வேலை.

"அவனே வேணும்னு இல்ல. அவன் வெயிட்டு இருந்தாப் போதும்" என்றான் நல்லமுத்து. செங்கோடனைக் கட்டிலோடு அரிசி மில்லுக்குத் தூக்கிப்போய் எடைத் தராசில் வைத்தார்கள். பிறகு கட்டிலை மட்டும் வைத்து அதைக் கழித்தார்கள். இது நல்லமுத்துவின் யோசனை. அவன் வாழ்நாளில் சரியாகச் செய்த ஒரே கணக்கு. செங்கோடன் அறுபத்திரண்டு கிலோ. ஒரு சாக்கில் அறுபத்திரண்டு கிலோ அரிசியைக் கட்டி, வண்டி சீட்டில் உட்கார வைத்து, டேப் பிடித்து அளந்து, ஸ்பிரிங்கைத் திருகித் திருகிச் சரியாக செட் பண்ணினார்கள். அந்த ஒரு வேலை மட்டும் கம்பெனிக்காரனே வந்து செய்த மாதிரி அமைந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. செங்கோடன் புதுப் பட்டுச் சட்டையும் வேட்டியும் கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வண்டியில் ஏறக் காலைத் தூக்கினான்.

"ஏய், இரு இரு!" என்று ஆண்டியப்பன் ஓடிவந்து தடுத்தான். "வண்டி மூட்டைக்கு செட் பண்ணியிருக்குடா. நீ ஏறினா செட் கலைஞ்சிடும்."

"ரெண்டு பேரும் ஒரே வெயிட்டுதானேடா?"

"வெயிட்டு ஒண்ணுதான். ஆனா ஆள் வேறயே."

இதில் பெரிய விவாதம் நடந்தது. ஸ்பிரிங்கைத் திருப்பித் திருகலாம் என்றால், இவ்வளவு நன்றாக அமைந்ததைக் கலைக்க யாருக்கும் மனசில்லை. கடைசியில், மூட்டை வண்டியில் வருவது, மாப்பிள்ளை கூட நடந்து வருவது என்று முடிவாயிற்று. வழியில் போலீஸ் நிற்கும் என்பதால் மூட்டைக்கு ஹெல்மெட் போட்டார்கள். ஹெல்மெட் போட்ட மூட்டை சட்டை இல்லாமல் பெண் வீட்டுக்குப் போனால் மரியாதையாக இருக்காது. எப்படியும் நடந்து வருகிற செங்கோடனின் பட்டுச் சட்டை வேர்வையில் வீணாகத்தான் போகும். ஆகவே சட்டையையும் கழற்றி மூட்டைக்குப் போட்டு, வேட்டி ஒன்றும் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினார்கள். செங்கோடன் பனியனோடு கிளம்பினான்.

மேட்டில் எஞ்சினைச் சூடாக்கக் கூடாது என்று பாய் ஐந்தாவதாகச் சொல்லியிருந்தார். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் சூடாகும். வீட்டு வாசலிலிருந்தே மேடு. ஆகவே ஸ்டார்ட் செய்யவில்லை. ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடிக்க, மூன்று பேர் பின்னாலிருந்து தள்ள, ஆறு மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். தள்ளுகிற நாலு பேரைப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"மாப்பிள்ளை வெயிட்டுங்க" என்றான் ஆண்டியப்பன்.

போலீஸ்காரருக்கு அது 'வெயிட்டான மாப்பிள்ளை' என்று காதில் விழுந்தது. பெரிய இடம் போல என்று சல்யூட் அடித்து விட்டுவிட்டார்.

ஒன்பது மணிக்குத் தார் ரோடு முடிந்தது. அதற்கப்புறம் சிவப்பு மண்ணும் கல்லும் முள் அடர்ந்த உண்ணிப் புதரும்தான். இங்கே நாலாவது விரல். பாதிக் காற்றை எடுக்க வேண்டும், திரும்ப ரோட்டுக்கு வந்ததும் அதை ஏற்ற வேண்டும்.

"எடுத்ததை எங்க வெக்கிறது?" என்றான் செங்கோடன். நல்லமுத்து இதற்கு வீட்டிலிருந்தே தயாராக வந்திருந்தான். பையிலிருந்து ஒரு பாக்கெட் பலூனை எடுத்தான். டயர் வாயில் பலூனை மாட்டி மாட்டி காற்றைப் பிடித்து, முன் டயர்க் காற்று சிவப்பு, பின் டயர்க் காற்று மஞ்சள் என்று குழம்பாமல் முடிச்சுப் போட்டு, வண்டியைச் சுற்றிக் கட்டினார்கள். இருபத்திரண்டு பலூன். வண்டி திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

முதல் வளைவிலேயே உண்ணி முள் பட்டு ஒரு சிவப்பு வெடித்தது. நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

"முன் டயர்க் காத்து" என்றான் காத்தவராயன், மெதுவாக.

அடுத்த வளைவுக்குள் ஐந்து போயிற்று. ஆண்டியப்பன் கண் கலங்கினான். பலூனைக் காப்பாற்ற இரண்டு பேர் முன்னால் போய் முள்ளை ஒதுக்க, தள்ளுவதற்கு இரண்டு பேர்தான் மிச்சம். வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது. செங்கோடன் போனில் மணி பார்த்தான். பத்தாகப் பத்து நிமிஷம். தேன்பாறை இன்னும் தலைக்கு மேலே, எங்கேயோ மேகத்துக்குள் இருந்தது. அவன் தள்ளுவதை விட்டுவிட்டு நின்றான். ஏழாவது ஆளும் பாதியில் நின்றான் என்றுதானே அந்த வீட்டில் சொல்லுவார்கள் என்று நினைத்தான். பல் போன இடத்தில் நாக்கு தானாகப் போய்ப் போய் வந்தது.

அப்போது மேலே இருந்து குறுக்குப் பாதையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, கையில் காலி பால் தூக்கு. வண்டியைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"இல்லீங்க, டேங்க் நிறைய இருக்கு" என்றான் செங்கோடன்.

"பின்ன ஏன் தள்றீங்க?"

"சூடாயிடுமுங்க."

"இவரு ஏன் இறங்கித் தள்ளக் கூடாது?" என்று ஹெல்மெட்டைக் காட்டினாள்.

"அது மூட்டைங்க. வண்டி அதுக்குத்தான் செட் ஆகியிருக்கு."

அந்தப் பெண் கிட்டே வந்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பிறகு பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று செங்கோடனுக்குத் தோன்றியது. மலைக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள் போல என்று முடிவு செய்துகொண்டான்.

"நீங்க எங்க போறீங்க?"

"தேன்பாறைக்கு, பொண்ணு பாக்க. பத்தரைக்குள்ள வண்டி மேல போய்ச் சேரணும்" என்றான். மேலே மேகத்தைப் பார்த்தான். "போகாதுன்னு நெனக்கிறேன்."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். "நீங்க பேசறப்ப காத்து வருதே, பல்லு என்னாச்சு?"

"மலை ஏர்றதுக்குக் குறைச்சுட்டேனுங்க."

அவள் பால் தூக்கை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். மூட்டைக்குப் பின்னால் தாவி உட்கார்ந்தாள். மூட்டையின் இரண்டு பக்கமும் கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். "நான் ஜீப்புல மிளகு மூட்டை ஏத்தறவ. மூட்டைங்க எனக்குப் புதுசில்ல. நீங்க நடந்து வாங்க" என்று சொல்லி ஸ்டார்ட்டரை உதைத்தாள். வண்டி இரண்டு தடவை இருமி, சாம்பிராணி வாசனையோடு வெள்ளைப் புகை விட்டு, பலூன்களை வெடித்துக்கொண்டே மேட்டில் ஏறி மறைந்தது.

"எஞ்சினைச் சூடாக்கிட்டாளேடா" என்று நல்லமுத்து தலையில் கை வைத்தான்.

நாலு பேரும் மூச்சிரைக்கத் தேன்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். சடையப்பன் வீட்டு வாசலில் ரெண்டுங்கெட்டான் நின்றது. ஒரே ஒரு மஞ்சள் பலூன் மிச்சம் இருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. செங்கோடன் எட்டிப் பார்த்தான்.

நாற்காலியில் மூட்டை உட்கார்ந்திருந்தது. பட்டுச் சட்டை, ஹெல்மெட், கழுத்தில் மாலை. எதிரே தட்டில் கேசரியும் பஜ்ஜியும். பக்கத்தில் காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சடையப்பன் விசிறியால் அதற்கு வீசிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன்.

"இவ்வளவு அடக்கமான மாப்பிள்ளையை நான் பாத்ததே இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "பத்து இருபத்தஞ்சுக்கு வந்தாரு. வந்ததுலருந்து ஒரு வார்த்தை அதிகமாப் பேசலியே! தொப்பியை மட்டும் கழட்டிக்கிட்டா நல்லாயிருக்கும். கூச்சமாக்கும்."

செங்கோடன் தொண்டையைக் கனைத்தான்.

"யாரது?" என்றார் சடையப்பன்.

"நான்தாங்க மாப்பிள்ளை."

"அப்ப இவரு?"

"அது நான் வர்ற வரைக்கும் என் வெயிட்டுங்க."

சடையப்பன் எழுந்து மூட்டையைத் தடவிப் பார்த்தார். அரிசி என்று தெரிந்ததும் அவர் முகம் சிவந்தது. ஆனாலும் அவர் சொன்ன சொல் மாறாதவர். "நான் பத்தரைக்குள்ள வரணும்னு சொன்னேன். பத்தரைக்குள்ள வந்தது இது. நீ வந்தது ராகு காலத்துல. நீ ஏழாவது ஆளு, கிளம்பு."

"பெரியவர் சொல்றது ஞாயம்தான்டா" என்றான் ஆண்டியப்பன். "விட்டுக் கொடுத்துடு. மூட்டை ஒண்ணும் வெளியாள் இல்ல, நம்ம மில்லு அரிசிதான்."

செங்கோடன் தலையாட்டினான். பனியன் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னம் இன்னும் கொஞ்சம் வீக்கமாகவே இருந்தது. திரும்பி வாசல் படியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

"அப்பா, அவரை உக்காரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வழியில் பார்த்த அதே பெண். இப்போது அரக்குச் சேலை, தலை நிறையப் பூ. செங்கோடனுக்கு அப்போதுதான் அந்தச் சிரிப்பை எங்கே கேட்டோம் என்று விளங்கியது.

"ஆறு பேரு வந்தாங்க" என்றாள் அரசாயி. "மண் பாதைக்குச் செருப்பு அழுக்காயிடும்னு திரும்பிட்டாங்க. இவரு நம்ம ஊருக்கு வர்றதுக்கு ஒரு பல்லையே கொடுத்துட்டு வந்திருக்காரு. நான் இவரைத்தான் கட்டிக்கப்போறேன்."

"வாக்கு என்னாவறது?" என்றார் சடையப்பன். "நல்ல நேரத்துல வந்தது மூட்டைதானே?"

"மூட்டையை நானே கொண்டு வந்தேன். அது பொண்ணு வீட்டு ஆளு. மாப்பிள்ளை வீட்டுலருந்து வந்தது வண்டி, அது பத்தரைக்குள்ள வந்துடுச்சு."

சடையப்பன் யோசித்தார். நல்லமுத்துவும் கண்ணை மூடித் திறந்து, "சரியாத்தான் இருக்கு" என்றான். ராகு காலம் முடிகிற வரைக்கும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பன்னிரண்டு அடித்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். மூட்டையின் தட்டில் இருந்த கேசரியைக் காத்தவராயன் சாப்பிட்டான். அரசாயி அவனுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். செங்கோடன் சாப்பிடவில்லை. அவளைப் பார்ப்பதும் வாயைப் பொத்திச் சிரிப்பதுமாக இருந்தான். "கையை எடுங்க, பரவால்ல" என்று அவள் சொன்னாள். கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்தாயிற்று.

மூன்று மணிக்கு விடைபெற்றார்கள். சடையப்பன் வாசல்வரை வந்து, புது மாப்பிள்ளை மேல் அக்கறையாகச் சொன்னார்.

"பாத்து மாப்பிள்ளை. ஏர்றதைவிட இறங்கறதுதான் மோசம். சும்மா சும்மா பிரேக்கை அமுக்காதீங்க. இறக்கம் வந்ததும் வண்டியை முதல் கியர்லயே விட்டுடுங்க."

"சரிங்க மாமா" என்று நாலு பேரும் சொன்னார்கள். சடையப்பன் உள்ளே போய்ப் படுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் செங்கோடனின் போன் அடித்தது. மாமனார்.

"மாப்பிள்ளை, நல்லபடியா வீட்டுக்குப் போய்ச் சேந்தீங்களா?"

"சேந்துட்டோங்க மாமா. நடந்துதான் வந்தோம், கொஞ்சம் கால் வலி."

"அதான் கேக்கிறேன். வண்டி இங்க தோட்டத்து முனையில, இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல நிக்குதே!"

"ஆமாங்க மாமா. நீங்க சொன்ன மாதிரி முதல் கியர்லயே விட்டுட்டோம்."

சடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சரி மாப்பிள்ளை. அது மேல ஒருத்தரு உக்காந்திருக்காரே, இதுவும் மூட்டையா?"

"இல்லீங்க மாமா, அது ஆண்டியப்பன்" என்றான் செங்கோடன். "எஞ்சின் ஓடறப்ப கியர்ல விட்டா வண்டி போயிடுமில்லீங்க? அதான் கிளட்ச்சைப் பிடிச்சிட்டு இருக்கச் சொல்லிட்டு வந்தோம். அவனுக்கு ஒரு டீ மட்டும் குடுங்க. வைகாசியில நாங்க வந்துடறோம்."